அரை ஆள் பாக்கி

கண்ணாயியிடம் ஒரு படி சாமை கேட்டால் ஒன்றரைப் படி அளந்து கொடுப்பாள். ஆனால் அவளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் விடிவதற்குள் உங்கள் வாசலில் ஒரு பலாப்பழம் வந்து உட்கார்ந்திருக்கும். மலைமேலே எடப்புளி நாட்டில் அவள் ஊர்க்காரர்கள் இதைத் தங்கமான குணம் என்றுதான் சொல்லி வந்தார்கள். தங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதிக்குப் பாதி வீம்பு கலந்திருந்தது என்பது அவளுக்கே ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

அவள் ஊரில் கூலிக்கு ஆள் வைப்பது குறைவு. களையெடுப்பு, அறுப்பு என்று வந்தால் இந்த வீட்டு ஆள் அந்த வீட்டுக் காட்டுக்குப் போகும். பிறகு அந்த வீட்டு ஆள் இந்தக் காட்டுக்கு வரும். மாத்தாள் என்பார்கள். யார் யாருக்கு எத்தனை ஆள் பாக்கி என்று எவரும் எழுதி வைப்பதில்லை, எவரும் மறப்பதும் இல்லை. கண்ணாயி எப்போதும் முந்திக்கொள்வாள். பக்கத்துக் காட்டுச் சென்னம்மாள் ஒரு ஆள் அனுப்பினால் இவள் தன் புருஷன் குழந்தைசாமியையும் இழுத்துக்கொண்டு இரண்டு ஆளாகப் போய் நிற்பாள். ஊரே தனக்குப் பாக்கி இருக்கலாம், தான் யாருக்கும் பாக்கி இருக்கக் கூடாது. அப்போதுதான் அவளுக்குச் சோறு செரிக்கும்.

சென்னம்மாள் இவளைவிட மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம். "ஏ கண்ணாயி, நீ செத்தாக்கூட உன்னையத் தூக்கறவங்களுக்கு முன்னாடியே மாத்தாள் அனுப்பீட்டுத்தான் சாவே" என்று ஒருமுறை சொன்னாள். கண்ணாயிக்கு அது வசவாகப் படவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்கு வந்தாள்.

குழந்தைசாமி மிளகு பறிப்பதில் பேர் போனவன். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருக்கும். கணுவுக்குக் கணு குச்சியை விட்டு நறுக்கிய ஒற்றை மூங்கில்தான் ஏணி. அதில் ஏறி நின்று, இரண்டு கையும் கொடிக்குப் போவதால், தொடையால்தான் மூங்கிலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். வருஷக்கணக்கில் அப்படிக் கவ்வியவர்களுக்குத் தொடையின் உட்பக்கம் தோல் தடித்துக் காய்த்துப்போகும். ஏணிக்காய்ப்பு என்று அதற்குப் பெயர். பட்டாளத்துக்காரன் மெடலைக் காட்டுவது போல அந்த ஊர் மரமேறிகள் டீக்கடையில் வேட்டியை வழித்து அதைக் காட்டிக்கொள்வார்கள். குழந்தைசாமியின் காய்ப்புக்கு இணை அந்த வட்டாரத்தில் கிடையாது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

ஆகவே அந்தக் காய்ப்புக்குக் கீழே ஒரு கட்டி எலுமிச்சை அளவுக்குத் திரண்டு, பிறகு கொய்யா அளவுக்கு வளர்ந்தபோது அவன் பயப்படவில்லை. பெருமைப்பட்டான். மற்றவர்களும் தொட்டுப் பார்த்து, தொழில்காரன் கால் என்றால் இதுதான் என்றார்கள். வலித்திருந்தாலாவது யோசித்திருப்பான். அது துளியும் வலிக்கவில்லை. வலிக்காத கட்டியை எவன் சட்டை செய்வான்? கண்ணாயிதான் தினம் சாயங்காலம் விளக்கெண்ணெய் சுடவைத்து அதில் தடவி நீவி விட்டாள். அவர்களுடைய ஒரே மகன் சதீஷ்குமார் போர்வெல் லாரியோடு வடக்கே எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான். போனில் கேட்டபோது அவனிடமும், அப்பாவுக்குக் காய்ப்புப் பெருத்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கண்டுபிடித்தது சுகுணா. வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வரும் நர்ஸ். குழந்தைசாமி வேட்டியை மடித்துக் கட்டி வாசலில் குச்சிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கண்ணா, தொடையில என்னங்க இது?"

"இதா? ஏணிக்காய்ப்பு சாமி. மரமேறிக்கு இது இல்லைன்னாத்தான் அதிசயம்."

சுகுணா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் அழுத்திப் பார்த்தாள். "காய்ப்புன்னா தோல்ல இருக்குமுங்க. இது அடியில, சதையோட சதையா இருக்குது. வலிக்குதுங்களா?"

"துளிகூட இல்ல."

"அதுதானுங்கண்ணா எனக்குப் பயமா இருக்குது" என்றாள். சேலத்து ஆஸ்பத்திரியில் போய்க் காட்டச் சொன்னாள். அடுத்த முறை வந்தபோதும் கேட்டாள். அவர்கள் இன்னும் போகவில்லை என்று தெரிந்ததும் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் துணி மாற்றிக்கொண்டு பஸ் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளை அன்றைக்கு மற்ற வீடுகளுக்குப் போகாததற்கு மேலதிகாரி யாரிடம் திட்டு வாங்கினாளோ தெரியாது. அந்தத் திட்டுக்குக் கண்ணாயி இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் ஒரு துணுக்குச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இதுக்குப் பேரு சார்கோமா. தசை, கொழுப்பு, எலும்பு இந்த மாதிரி இடத்துல வர்ற புற்றுநோய். ரொம்பப் பேருக்கு வர்றதில்ல. அதனாலதான் எல்லா ஊர்லயும் இதை வேற ஏதோன்னு நினைச்சு விட்டுடறாங்க."

"நானேதானுங்க தினமும் எண்ணெய் போட்டு நீவி உட்டேன்" என்றாள் கண்ணாயி. அதைச் சொல்லும்போது கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"எண்ணெயால வந்ததில்லம்மா. ஏணியாலயும் வந்ததில்ல. அதை விட்டுடுங்க. இனிமே செய்ய வேண்டியதைச் சொல்றேன். முதல்ல ரேடியேஷன் குடுப்போம். வாரத்துல அஞ்சு நாள், அஞ்சு வாரம். கொஞ்ச நாள் ஆறவிட்டு அப்புறம் ஆபரேஷன். இப்படிச் செஞ்சா காலை எடுக்காம கட்டியை மட்டும் எடுக்க வாய்ப்பிருக்கு. ஆனா நடுவுல நிறுத்தக் கூடாது. பாதியில ஊருக்குப் போயிட்டீங்கன்னா காலுக்கும் நான் உறுதி சொல்ல முடியாது, உயிருக்கும் சொல்ல முடியாது."

தினமும் மலைக்குப் போய்த் திரும்புவது நடக்காத காரியம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நோயாளியும் துணைக்கு ஒருவரும் தங்க ஒரு தருமச் சத்திரம் மாதிரி விடுதி இருந்தது. அங்கே ஒரு அறை கிடைத்தது. துணி எடுத்துவர ஊருக்குப் போனபோது சென்னம்மாள் எதிரே வந்தாள்.

"எங்கடி ரெண்டு பேரும் மூட்டை முடிச்சோட?"

"வால்பாறைப் பக்கம் தோட்ட வேலைக்கு அக்கா. கூப்டாங்க."

"சாமை பால் புடிச்சு நிக்கிறப்பவா?"

கண்ணாயி மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? ஊரே அவள் காட்டுக்கு ஆள் அனுப்பும். புருஷன் படுத்துக் கிடக்க, அத்தனை வீட்டுக்கும் அவள் ஒருத்தி எப்போது மாத்தாள் போய்த் தீர்ப்பது? போதாததற்கு, களையெடுப்புக்குச் சென்னம்மாள் வந்த ஒரு ஆள் பாக்கி வேறு நின்றது. சென்னம்மாள் காடுதான் முதலில் அறுப்புக்கு வரும். அதற்கு இவள் போக வேண்டும், போக முடியாது. வாழ்நாளில் முதல்தடவையாகக் கண்ணாயி ஒரு ஆள் பாக்கி வைத்துவிட்டு, பொய்யும் சொல்லிவிட்டு, பஸ் ஏறினாள். அடிவாரத்துக் காரவள்ளிவரை ஒவ்வொரு வளைவிலும் திரும்பித் திரும்பி மேலே பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அதே ரோட்டில் போய் வந்தவள்தான்.

விடுதியில் எல்லோரும் ரேடியேஷனைக் கரண்ட் என்றுதான் சொன்னார்கள். "உங்களுக்குக் கரண்ட் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டுக்கொள்வார்கள். முதல் வாரம் குழந்தைசாமிக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரத்தில் தொடைத் தோல் கறுத்து, எரியத் தொடங்கியது. அதைவிட அவன் வாய்தான் அதிகம் எரிந்தது. சோறு குழைந்தால் கோபம், குழையாவிட்டால் கோபம். ஒருநாள் மின்விசிறி சுற்றுகிறது என்று கோபித்துக்கொண்டான். கண்ணாயி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அவன் கால் நீட்டக் கட்டிலை விட்டுவிட்டு, தரையில் ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து கிடந்தாள். பக்கத்து அறைக்காரர்கள் குழம்பு கொடுத்தால் வாங்கமாட்டாள். வாங்கினால் திருப்பிக் கொடுக்க அங்கே அவளிடம் என்ன இருந்தது? பலாமரத்தையா பெயர்த்துக்கொண்டு வந்தாள்?

புதன்கிழமைதோறும் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நோயாளிகளும் கூட இருப்பவர்களும் பேசுவார்கள். வித்யாஸ்ரீ என்று ஒரு சின்னப் பெண், ஆலோசகர், நடத்திவைப்பாள். கண்ணாயி வாசல் ஓரமாக, எழுந்து ஓட வசதியாக உட்கார்ந்துகொள்வாள். அங்கேதான் மயிலாத்தாளைப் பார்த்தாள். பேளுக்குறிச்சிப் பக்கம் சொந்தக் காட்டில் விவசாயம் பார்க்கும் அம்மாள். அவள் புருஷன் மாரப்பனுக்கு எலும்பில் வந்த சார்கோமா. உயிர் தப்பி, ஒரு கால் போய், செயற்கைக் கால் மாட்டி ரொம்ப வருஷம் ஆகிறது. சிகிச்சை முடிந்த பிறகும் இருவரும் முடிந்தபோதெல்லாம் புதன்கிழமை பஸ் பிடித்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்கள். தெரிந்துகொண்ட பிறகு அதை மறந்துவிடாமல் திரும்பி வருகிறவர்கள் குறைவு.

நான்காம் வாரத்துப் புதன்கிழமை, கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே மயிலாத்தாள் கண்ணாயியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நீங்க கடைசியா எப்பத் தூங்குனீங்க?"

எல்லோரும் அவர் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்பார்கள். கண்ணாயியைப் பற்றி அங்கே யாரும் கேட்டதில்லை. விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"போய்ப் படுங்க. உங்க ஊட்டுக்காரருகிட்ட நான் இருக்கறேன்."

"வேண்டாமுங்க அக்கா."

"ஏனுங்க வேண்டாம்?"

"இதுக்கு நான் எப்ப வந்து மாத்தாள் செய்யறதுங்க?" கண்ணாயி தன் ஊர் வழக்கத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். மயிலாத்தாள் தலையாட்டிக் கேட்டாள், சிரிக்கவில்லை.

"எங்கூட்டுக்காரரு படுத்துக் கெடந்தப்ப ஒரு ஈரோட்டம்மா எனக்காக உக்காந்திருந்தாங்க கண்ணு. அவங்க இப்ப எங்க இருக்கறாங்கன்னே எனக்குத் தெரியாது. நான் எங்க போய் அவங்களுக்குத் திருப்பிச் செய்யறது? எங்க பக்கம் வாய்க்கால் தண்ணிக்கு முறை வெச்சிருப்பாங்க. மேக்காட்டுக்காரரு பாய்ச்சி முடிச்சா தண்ணி நமக்கு வரும். நாம பாய்ச்சி முடிச்சாக் கீழ்க்காட்டுக்குப் போவும். தண்ணியத் திருப்பி மேக்காட்டுக்கு யாரும் ஏத்தறதில்லீங்க. போய்ப் படுங்க."

கண்ணாயி அறைக்குப் போகாமல், பெண்கள் படுக்கும் பொதுக்கூடத்தில் ஒரு பாயில் சாய்ந்தாள். சாய்ந்ததுதான் தெரியும். எழுப்பியது மயிலாத்தாள். முகம் வெளிறியிருந்தது.

"கண்ணு, உங்க ஊட்டுக்காரரு டீ குடிச்சிட்டு வாரேன்னு போனாருங்க. பையையும் எடுத்துட்டுப் போயிருக்கறாரு."

கண்ணாயிக்கு விளங்கிவிட்டது. சாமை. அன்றைக்குக் காலையில் குழந்தைசாமி ஊர்க்காரன் பூபதியிடம் போனில் பேசியபோது, மற்ற காடெல்லாம் அறுத்தாயிற்று, உங்கள் காடு மட்டும் கதிர் சாய்ந்து கிடக்கிறது என்று அவன் சொல்லியிருந்தான். அப்போதிருந்து குழந்தைசாமியின் பார்வை சரியில்லை. முற்றிய சாமை காற்றுக்கும் மழைக்கும் நிற்காது, மண்ணில் கொட்டிப்போகும். அதுதான் அவர்கள் வருஷச் சோறு. ஊருக்குப் போனால் அறுப்பான். அறுத்தால் களத்தில் போடுவான், தூற்றுவான், மூட்டை பிடிப்பான். கரண்ட் அவனுக்காகக் காத்திருக்காது. மலையேறினால் இறங்கி வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அவனுக்கே தெரியாது.

மாரப்பனும் அன்றைக்கு வந்திருந்தார். மூன்று பேருமாக ஆட்டோ பிடித்துப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் நிற்கும் இடத்தில், பையை மடியில் வைத்து, எரிகிற காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் குழந்தைசாமி.

"நீ வேண்ணா இங்கியே இரு" என்றான் கண்ணாயியைப் பார்த்ததும். "கால் இருந்து என்ன பண்றது, திங்கச் சோறு இல்லாம? காட்ட அறுத்துப் போட்டுட்டு வாரேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் மாரப்பன் அவன் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். செயற்கைக் காலைக் கையால் தூக்கி நேராக வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, எனக்கு வைத்தியம் பாத்துக்கிட்டிருந்தப்ப கடலைக்காய் புடுங்கற நேரம். புடுங்கிப் போட்டுட்டு வாரேன்னு போனேன். நல்ல வெளைச்சல். அதையுங் காய வெச்சேன், ஆட்டி எண்ணெய் எடுத்தேன். திரும்பி வர்றப்ப நோய் முந்திக்கிச்சு." காலைத் தட்டினார். கட்டையைத் தட்டிய சத்தம் வந்தது. "அந்த எண்ணெய் அந்த வருஷமே தீந்துபோச்சுங்க தம்பி."

குழந்தைசாமி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.  மாரப்பன் பையிலிருந்து முறுக்கு எடுத்து ஒன்றை அவனிடம் நீட்டினார்.

கண்ணாயி சற்றுத் தள்ளிப் போய் நின்றாள். போனை எடுத்தாள், உள்ளே வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவள் வாழ்க்கையில் ஏறிய எந்த ஏற்றமும் இவ்வளவு செங்குத்தாக இருந்ததில்லை.

"அக்கா, கண்ணாயி பேசறேன்."

"எந்தக் கண்ணாயி?" என்றாள் சென்னம்மாள். "என்ற அறுப்புக்கு மாத்தாள் வராம வால்பாறைக்கு ஓடுனாளே, அவளா?"

கண்ணாயி சொன்னாள். காய்ப்பு காய்ப்பில்லை என்பதை, நோயின் பெயரை, கரண்டை, நடுவில் நின்றால் கால் போகும் என்பதை, இப்போது நிற்கும் பஸ் ஸ்டாண்டை, எல்லாவற்றையும். வால்பாறை பொய் என்பதையும். நடுவில் அழுதாள், துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். 

"நான் உங்களுக்கு ஒரு ஆளு பாக்கி அக்கா. பாக்கி வெச்சுக்கிட்டேதான் கேக்கறேன். எங்க காட்ட அறுத்துக் குடுங்க. எப்பத் திருப்பிச் செய்வேன்னு எனக்குத் தெரியாது."

போன் நின்றுவிட்டது. மலையில் சிக்னல் போனதா, சென்னம்மாள் வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை.

கடைசியில் குழந்தைசாமி ஒரு சமாதானத்துக்கு வந்தான். சனி, ஞாயிறு கரண்ட் கிடையாது. வியாழனும் வெள்ளியும் இருந்துவிட்டு, சனிக்கிழமை ஊருக்குப் போவான், யாரும் தடுக்கக் கூடாது. சரி என்பதைத் தவிர கண்ணாயிக்கு வேறு வழியில்லை. சென்னம்மாளிடமிருந்து போன் வரவில்லை. அவளைக் குறை சொல்லக் கண்ணாயிக்கு வாயில்லை. பொய் சொன்னவளுக்கு யார் ஓடி வருவார்கள்?

சனிக்கிழமை பதினோரு மணி வாக்கில் அவன் சட்டை மாட்டிக்கொண்டு கண்ணாயியோடு விடுதிக் கேட்டுக்கு வந்தபோது, வெளியே வாட்ச்மேனோடு ஒருத்தி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு சாக்கு மூட்டை. இருட்டோடு முதல் பஸ் பிடித்து, எழுபது வளைவும் இறங்கி, சேலத்தில் நாலு ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்த சென்னம்மாள். மூட்டையைக் கண்ணாயியின் காலடியில் பொத்தென்று வைத்தாள்.

"வால்பாறையாம் வால்பாறை" என்றாள். "வால்பாறையில இப்புடித்தான் பினாயில் நாத்தம் அடிக்குதா?"

"அக்கா..."

"நீ பேசாத. உன்ற காட்ட நேத்து அறுத்தாச்சு. ஊட்டுக்கு ஒரு ஆளு வந்துச்சு. கட்டெல்லாம் களத்துல கெடக்குது, மழைக்குத் தார்ப்பாய் போட்டாச்சு. இது உன்ற காட்டுச் சாமைதான். கொஞ்சம் மிதிச்சு, குத்திப் பொடைச்சுக் கொண்டாந்தேன். ஆஸ்பத்திரிச் சோறு தின்னா உடம்பு எங்கிருந்து தேறும்?"

குழந்தைசாமி கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். போக வேண்டிய காரணமே காலடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. சென்னம்மாள் கேட்டுக்குள் வந்து, அவன் வேட்டியைச் சற்று ஒதுக்கி, கறுத்துக் கருகிய தொடையைப் பார்த்தாள்.  முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"ஊட்டுக்கு ஒரு ஆளா?" என்றாள் கண்ணாயி. "அத்தனை பேருக்கும் நான் எப்புடி அக்கா..."

"அவங்கெல்லாம் உனக்குப் பாக்கி இருந்தவங்கதாண்டி. காலங்காலமா ஒரு ஆளுக்கு ரெண்டாளா போய் நின்னியே, அது என்ன ஆத்தோடயா போச்சு? அதெல்லாம் நேராச்சு. எனக்குத்தான் நீ பாக்கி. மொதல்ல ஒரு ஆளு இருந்துச்சு, இப்ப ரெண்டு." விரலை நீட்டிக் குழந்தைசாமியைக் காட்டினாள். "அடுத்த வருஷம் என்ற மிளகுக்கு ரெண்டு பேரும் வந்து கழிக்கணும். தம்பி, நீ மரமேற வேண்டாம். கீழ உதிர்றதப் பொறுக்கு. ஆனா நடந்து வரணும். தூக்கீட்டு வந்தாக் கணக்குல சேத்த மாட்டேன்."

குழந்தைசாமி அன்றைக்கு ஊருக்குப் போகவில்லை. அன்று மத்தியானம் விடுதி அடுப்பில் சாமைச் சோறு வெந்தது. பக்கத்து அறைக்காரர்கள் குழம்பு கொண்டுவந்தார்கள். கண்ணாயி வாங்கிக்கொண்டாள்.

கரண்ட் முடிந்தது. தோல் ஆறக் காத்திருந்து ஆபரேஷன் செய்தார்கள். கட்டியோடு ஒரு கைப்பிடித் தசையும் போயிற்று, கால் தப்பியது. புண் ஆற நாளாயிற்று. மறுபடி நடை பழகுவதற்குள் அவன் திட்டாத ஆளில்லை, பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணைத் தவிர. அவளிடம் மட்டும் பயம். சதீஷ்குமார் லாரியை விட்டு இறங்கி வந்து ஒரு மாதம் கூட இருந்து, அப்பாவைத் தோளில் சாய்த்து நடக்க வைத்தான். இனி ஒற்றை மூங்கில் ஏணி கிடையாது என்று டாக்டர் சொன்னபோது, குழந்தைசாமி ஏணியை மகனிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். மகன் எனக்கு வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டான்.

நோய் போய்விட்டது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த நோய் நுரையீரலுக்குப் போகப் பார்க்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஸ்கேன் நெருங்கும் வாரத்தில் குழந்தைசாமி ஒரு தும்மல் தும்மினாலும் கண்ணாயி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். முடிவு நன்றாக வந்தால் இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் கரும்புச்சாறு குடிப்பார்கள். பிறகு அடுத்த மூன்று மாதம் என்று ஒன்று கையில் கிடைத்துவிடும். முன்பெல்லாம் வருஷக்கணக்கில் நாட்களை அள்ளிச் செலவழித்தவர்கள், இப்போது கிடைத்ததை வைத்து நன்றாகவே குடித்தனம் நடத்தினார்கள்.

ஸ்கேனுக்கு வரும் தேதியைக் கண்ணாயி புதன்கிழமையாகக் கேட்டு வாங்கிக்கொள்வாள். ஒருமுறை அந்தக் கூட்டத்தில் வாசல் ஓரத்து நாற்காலியில், எழுந்து ஓட வசதியாக, ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காளப்பநாயக்கன்பட்டிப் பொன்னம்மாள். மகள் சுஜிதாவுக்குத் தோளில் கட்டி, கல்லூரிக்குப் போகிற பெண். கண்ணாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நீங்க போய்ச் செத்த நேரம் படுங்க. பாப்பாகிட்ட நான் இருக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நான் உங்களுக்கு என்னங்க செய்ய முடியும்?"

கண்ணாயி வாய்க்கால் தண்ணி முறையைச் சொன்னாள். அவள் ஊரில் வாய்க்காலும் கிடையாது, முறைத் தண்ணியும் கிடையாது, எல்லாக் காடும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனாலும் பிறந்ததிலிருந்து மடை திருப்பியவள் மாதிரிச் சொன்னாள். தூரத்தில் உட்கார்ந்திருந்த மயிலாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று சுஜிதாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது கண்ணாயிக்கு மனசு நிறைந்திருந்தது. சுகுணா, அந்த டாக்டர், மயிலாத்தாள், மாரப்பன், சாக்கு மூட்டையோடு வந்த சென்னம்மாள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். இத்தனை பேர் தாங்கியிருக்கிறார்கள். தாங்கவிடாமல் இத்தனை காலம் விறைத்துக்கொண்டு நின்றோமே என்று தன்னை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

அடுத்த வருஷத்து மிளகு பழுத்தது. சென்னம்மாள் சொல்லியனுப்பக்கூட இல்லை. விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். குழந்தைசாமி கையில் ஒரு கோல், நடையில் ஒரு சாய்வு. வழக்கமாக ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் போகிற வழி. அன்றைக்கு மூன்று இடத்தில் நின்றார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சென்னம்மாள் காட்டு வரப்பில் ஏறும்போது கண்ணாயி கை கொடுக்கப் போனாள். அவன் வேண்டாம் என்று கோலை ஊன்றி ஏறினான்.

ஆட்கள் மேலே பறிக்க, அவன் மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்து உதிர்ந்த மிளகைப் பொறுக்கினான். அவ்வப்போது அண்ணாந்து பார்த்து, ஏணி கட்டியது சரியில்லை, சரத்தை அப்படிப் பிய்க்கக் கூடாது என்று மேலே இருந்தவர்களைத் திட்டினான். மேலே இருந்தவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய குழந்தைசாமி வந்துவிட்டான் என்று ஒருவன் சொன்னான்.

வெயில் தாழ்ந்தபோது கண்ணாயி முந்தானையை உதறிக்கொண்டு சென்னம்மாளிடம் வந்தாள்.

"ரெண்டு ஆளு கணக்குத் தீந்துச்சுங்களா அக்கா?"

சென்னம்மாள் மரத்தடியைப் பார்த்தாள். குழந்தைசாமி சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க தீந்துச்சு? நீ ஒரு ஆளு, சரி. தம்பி நாள் பூராவும் உக்காந்துக்கிட்டேதான பொறுக்குனான்? அது அரை ஆளுதான். பாக்கி அரை ஆளு நிக்குது. வர்ற வருஷம் வந்து கழிக்கச் சொல்லு."

முன்பு இருந்த கண்ணாயியாக இருந்தால், இருட்டுவதற்குள் அந்த அரை ஆளைத் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருப்பாள். வர்ற வருஷம் என்ற சொல்லை அவள் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். டாக்டர் மூன்று மாதத்துக்கு மேல் கணக்குப் போட்டுக் கொடுத்ததில்லை. சென்னம்மாள் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"சரிங்கக்கா" என்றாள் கண்ணாயி. "பாக்கி இருக்கட்டும்."